மண்ணைச் சோதித்த பிறகு ஒப்பந்தப்புள்ளி கோருக

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடிவமைப்பு, கட்டுமானம் ஆகிய இரண்டையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கும் முறையில்தான் இன்று நம் தேசிய நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் அமைகின்றன. வேலை விரைவாக முடியும், பிழைக்குப் பொறுப்பேற்க ஒருவரே இருப்பார் என்பதால் இம்முறையை நான் ஆதரிக்கிறேன். ஆனால், இதற்கான வழிகாட்டு நெறிகளைத் திருத்தியே ஆக வேண்டும்.

2025 மே 19 அன்று கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கூரியாட்டில், வயல்வெளியில் உயரமாக எழுப்பப்பட்ட தேசிய நெடுஞ்சாலை 66-இன் மண்கரை சரிந்து, அருகிலிருந்த சேவைச் சாலையும் பிளந்தது. அடியில் இருந்த ஈரக்களிமண் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. அங்கே தூண்கள் மீது பாலமாகச் சாலையைக் கொண்டு செல்வதே தகும் என்பது சரிந்த பிறகுதான் முடிவாயிற்று.

குறைந்த தொகை கேட்பவருக்கே வேலை என்றிருக்கும்போது, கூடுதலாகத் துளையிட்டு மண்ணைச் சோதிப்பவர் போட்டியில் தோற்றுப்போகிறார். ஆகவே மண் ஆய்வை அரசே முன்கூட்டி முடித்து, அதன் முடிவுகளை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்துடன் அனைவருக்கும் தர வேண்டும். விலையோடு வடிவமைப்பின் தரத்துக்கும் மதிப்பெண் வழங்க வேண்டும்.

உள்ளூர் விவசாயிகளையும் கேளுங்கள். எங்கள் ஊரில் புதுச் சாலைக்கு அடியில் பதித்த குழாய் வாய்க்கால் மட்டத்தைவிட ஒரு முழம் உயரமாக இருப்பதால், ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியின்றி நடவுப் பயிர் அழுகுகிறது. வடிவமைப்பாளர் ஒரே ஒரு மழைக்காலத்தில் வந்து பார்த்திருந்தால் போதும்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்