பூச்சரம் வளரும்வரை உடனிருந்தவருக்கு

குழுவின் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

மகளுக்கு முதல் வகை நீரிழிவு (டைப் 1 சர்க்கரை நோய்) என்று தெரிந்ததிலிருந்து, கடந்த ஒரு மாதமாக எங்கள் வீட்டில் நடந்தவற்றை, இதே நோயுள்ள பிள்ளைகளை வளர்க்கும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவற்றை மறுபடி எழுதப்போவதில்லை. மகள் நேற்று பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். மாலையில் வாசலில் காத்திருந்த என்னிடம் ஓடிவந்தவள், தோழிகளைப் பற்றியோ பாடத்தைப் பற்றியோ சொல்வதற்கு முன்பாக, “நூத்திப் பன்னெண்டுப்பா” என்று மதியம் பார்த்த சர்க்கரை அளவைச் சொன்னாள். அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் இந்த மடலை எழுத எனக்குக் கை வந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றி எழுதியாக வேண்டும். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால், அக்கா என்றே குறிப்பிடுகிறேன்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பன்னிரண்டாம் நாள் இரவு அது. மனைவி தன் தாயாரைப் பார்க்கச் சென்றிருந்தாள். இரண்டே முக்கால் மணி இருக்கும். உறக்கத்தில் புரண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டபோது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் தலையணை நனைந்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன், 58. எழுப்பினால் எழுந்தாள், பேசினாள், விழுங்கவும் செய்தாள். மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவுப்படி குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துவிட்டேன். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவர்களே ஒட்டச் சொல்லியிருந்தார்கள்: எழுபதுக்குக் கீழே போனால் என்ன கொடுப்பது, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவது. அந்தத் தாளின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். எழுத்துகள் கண்ணில் பட்டன, புத்தியில் ஏறவில்லை. பதினைந்து நிமிடம் காத்திரு என்று எழுதியிருந்த ஒரு வரியை என்னால் செய்ய முடியவில்லை. இரண்டு நிமிடம் போவதற்குள் இன்னொரு டம்ளர் கரைக்கக் கை நீண்டது.

அந்த நேரத்தில்தான் குழுவில் ஒரு வரி எழுதினேன். பதில் வரும் என்று எதிர்பார்த்து எழுதியதில்லை, எங்கேயாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, அவ்வளவே. அரை நிமிடத்தில் போன் அடித்தது. அதுவரை நான் பேசியிராத ஒரு குரல்.

“தம்பி, நான் முழிச்சுத்தான் இருக்கேன். காலைல முகூர்த்தம், மாலை கட்டிக்கிட்டு இருக்கேன். பாப்பா முழுங்குறாளா, பேசுறாளா?”

ஆமாம் என்றேன். கொடுத்தது என்ன, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. இப்போ காத்திருக்கணும், வேற ஒண்ணும் இல்ல. நான் லைன்லயே இருக்கேன்” என்றார். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டார் போலும், நார் இழுபடும் சத்தம் மெல்லக் கேட்டது. “இப்போ கையில இருக்கிற சரம் இன்னும் ரெண்டு முழம் ஆகும்போது உங்களைப் பார்க்கச் சொல்றேன். அதுவரைக்கும் மீட்டரைத் தொடாதீங்க.”

அந்தப் பதினைந்து நிமிடங்களில் அவர் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. தைரியமாக இருங்கள் என்றும் சொல்லவில்லை. அன்று சம்பங்கி வரத்துக் குறைவு என்றார். மாலைக்கு நடுவே வைக்கும் ரோஜாவை முதலிலேயே தொடுத்துவிட்டால் விடிவதற்குள் இதழ் கறுத்துவிடும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருப்பதாகச் சொன்னார். தன் மகனுக்கு ஆறு வயதில் இந்த நோய் கண்டது என்றும், இப்போது பதினைந்து முடிந்து கைப்பந்து விளையாடுகிறான் என்றும், பூவைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னார். இடையிடையே “பாப்பா என்ன செய்யிறா?” என்று ஒரு கேள்வி. நான் அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அதைக் கேட்டார் என்பது இப்போது புரிகிறது.

“ரெண்டு முழம் ஆச்சு தம்பி. பாருங்க.”

81 என்று காட்டியது. என்னால் பேச முடியவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. சற்று நேரம் கழித்து, இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்றும், மூன்று அளவுகளையும் நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக் காலையில் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். “ஊசியைக் கூட்டுறதா குறைக்கிறதான்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் என்னைக் கேக்கக் கூடாது. அது டாக்டர் வேலை.” அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. முதல் பக்கத்தில் மூன்றே வரிகள்: 2.48 – 58, 3.05 – 81, 3.25 – 104. எழுத்து கோணலாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் இரவு ஊசியின் அளவைக் குறைத்தார். ஊசி தொடங்கிய சில வாரங்களில், உடலில் மிச்சமிருக்கும் கணையச் செல்கள் சற்றே தெளிந்து தாமாகவும் இன்சுலின் சுரப்பதுண்டு என்றும், தேவை குறையும் அந்தக் காலத்தில் தாழ்சர்க்கரையைக் குறித்துக் கூடுதல் கவனம் வேண்டும் என்றும் விளக்கினார்.

ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அன்றிரவு எனக்கு இல்லாமலிருந்தது தகவல் இல்லை. தகவல் கதவில் ஒட்டியிருந்தது. பயம் எவ்வளவு நேரம் நீடித்ததோ அவ்வளவு நேரமும் கூடவே இருக்க ஒரு மனிதர்தான் இல்லாமலிருந்தார். பகலில் பல உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். “எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லி முடித்ததும் அவர்கள் மனம் லேசாகிவிட்டது, என் மனம் அங்கேயே நின்றது. இனிப்பை அதிகம் கொடுத்தீர்களா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வரும் நோய் இது, மிட்டாயால் வருவதில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தும், அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் எங்கள் இருவரையும் குத்தியது. இந்தக் குழுவில் அதை யாரும் கேட்டதில்லை. அவரவர் வீட்டில் அதைக் கேட்டு நொந்துபோனவர்கள்தானே நீங்கள் அனைவரும்.

குழுவுக்குள் நுழைந்த முதல் வாரத்தில், ஓர் இலைக் கஷாயத்தைக் குடித்தால் ஊசியே தேவைப்படாது என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் மனைவியும் அதை மூன்று முறை படித்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்த வகை நோயில் ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே, சில வேளை அதற்கும் முன்பே, இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்று உடனே இருவர் தெளிவாக எழுதினார்கள். கஷாயத்தைப் பற்றி எழுதியவரை யாரும் திட்டவில்லை. பொறுப்பாளர் அவரைத் தனியாக அழைத்து நெடுநேரம் பேசியதாகப் பின்னர் அறிந்தேன். மறுநாள் அவரே அதை நீக்கிவிட்டு, தன் மகனுக்கு ஊசி போடும்போது தன் கை நடுங்குவதைப் பற்றி எழுதினார். அதற்கு வந்த பதில்கள் பல. அந்தக் கஷாயத்தைப் பற்றிய வரியை எழுத வைத்ததும் அந்த நடுக்கம்தான் என்பதை நீங்கள் கண்டுகொண்டீர்கள். அன்றுதான் இந்த இடத்தை முழுமையாக நம்பத் தொடங்கினேன்.

சென்ற ஞாயிறு கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா பிரிட்டனைச் சேர்ந்த ஆர். டி. லாரன்ஸ் என்ற மருத்துவரைப் பற்றிச் சொன்னார். தமக்கே இந்த நோய் வந்து, இனி நாள் அதிகமில்லை என்று இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் இருந்தவர் அவர். இன்சுலின் கிடைத்துவிட்டது என்ற செய்தி எட்டியதும் 1923இல் லண்டன் திரும்பி உயிர் பிழைத்தார். பிழைத்தவர் தன்னளவில் நின்றுவிடாமல், 1934இல் நீரிழிவு இருந்த இன்னொருவருடன் சேர்ந்து நோயாளிகளுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1968 வரை வாழ்ந்தார். ஆசிரியர் ஐயா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு நார் இழுபடும் சத்தம்தான் காதில் கேட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தன் பிள்ளைக்காக விழித்திருந்த ஒருவர், அந்தத் தேவை குறைந்த பிறகும் குழுவை விட்டுப் போகாமல் இருந்ததால்தான் என் போன் அன்று அடித்தது.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். கையிலிருந்த சோதனை அட்டைகள் தீர்ந்த நாளில் பேருந்தில் கொடுத்தனுப்பிய தம்பதியருக்கும், ஊசி போடும் இடத்தை வயிறு, தொடை என மாற்றி மாற்றிப் போடக் காணொளியில் பொறுமையாகக் காட்டிய செவிலியர் சகோதரிக்கும், நாள் முழுவதும் மின்வெட்டு இருந்தபோது ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் இன்சுலின் குப்பியை வைக்கும் முறையைச் சொன்ன கிராமத்துத் தாத்தாவுக்கும், பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை மூன்று முறை திருத்திக் கொடுத்தவருக்கும், தானே ஐந்து வயது முதல் ஊசி போட்டுக்கொண்டு இப்போது கல்லூரியில் படிப்பதாகச் சொல்லி என் மகளோடு அரைமணி நேரம் பேசிய தங்கைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தங்கையோடு பேசிய பிறகுதான் மகள் முதன்முதலாகத் தன் விரலைத் தானே குத்திக்கொண்டாள்.

அக்காவுக்கு ஏதேனும் அனுப்ப வேண்டும் என்று மனைவி விரும்பினாள். முகவரி தர மறுத்துவிட்டார். “அன்னைக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் வராம இருக்கப் பேச்சுத் துணை கிடைச்சுது தம்பி, அதுக்கு எதுக்குங்க?” என்றார்.

பொறுப்பாளர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். இரவில் அழைக்கக் கூடியவர்களின் பட்டியலில் என் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாத அனுபவமே உள்ளவன். எதைச் சொல்லக் கூடாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். செவ்வாய், வெள்ளி இரவுகளில் நான் விழித்திருப்பேன். எனக்குப் பூக்கட்டத் தெரியாது, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தியின் அப்பா