விற்பது எப்போது என்பதையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்லும் கட்டுரைகளுக்கு நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் குறைவில்லை. வாங்கிய பங்கை எப்போது விற்பது, எதுவரை வைத்திருப்பது என்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்படுவதில்லை. சிறு முதலீட்டாளர்கள் பெரிதும் தடுமாறுவது அங்கேதான்.

லாபத்தில் இருக்கும் பங்கை, வந்த லாபம் கைநழுவிவிடுமோ என்று பயந்து உடனே விற்பதும், நட்டத்தில் இருப்பதை, அசல் வந்ததும் கொடுத்துவிடலாம் என்று ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதும் பரவலாகக் காணப்படும் பழக்கம். ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெய்ர் ஸ்டாட்மன் என்ற ஆய்வாளர்கள் இதை 1985-இல் விளக்கினர். பின்னர் டெரன்ஸ் ஓடீன், அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 வாடிக்கையாளர் கணக்குகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், அந்த வாடிக்கையாளர்கள் விற்றுவிட்ட லாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நட்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக ஈட்டியதைக் காட்டினார்.

வாங்கிய விலை வரிக் கணக்குக்குத் தேவைப்படும். அந்த நிறுவனம் இனி என்ன சம்பாதிக்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விலை பாதியாகச் சரிந்த பங்கு பழைய நிலைக்குத் திரும்ப 100 சதவீதம் ஏற வேண்டும் என்பதை, 'அசல் வரட்டும்' என்று காத்திருப்பவர்களில் எத்தனை பேர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

அதற்காக, இத்தனை சதவீதம் இறங்கினால் விற்றுவிட வேண்டும் என்ற ஒரே விதியை எல்லாப் பங்குக்கும் பொருத்துவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அமேசான் பங்கு 1999 டிசம்பரில் தொட்ட உச்சத்திலிருந்து 2001-க்குள் 90 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்து, பிறகு பன்மடங்கு உயர்ந்தது. ஈஸ்ட்மன் கோடக்கோ பல ஆண்டுகளாகச் சரிந்து 2012-இல் திவால் மனு தாக்கல் செய்தது. மறுசீரமைப்பு முடிந்த 2013-இல் அதன் பழைய பங்குகள் ரத்தாகி, வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சரிவின் அளவை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. (அமேசானை மட்டும் உதாரணம் காட்டி ஆறுதல் சொல்வோர் நிறையவே இருக்கிறார்கள்.)

பங்கை வாங்கும் நாளிலேயே, ஏன் வாங்குகிறோம், எது நடந்தால் விற்போம் என்று இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. விற்பனை வளர்கிறது என்ற காரணத்துக்காக வாங்கியவர், காலாண்டு முடிவுகளில் விற்பனையைவிட வேகமாக வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி பெருகுகிறதா, ஏட்டில் காட்டும் லாபம் ரொக்கமாகக் கைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாக்கி தொடர்ந்து ஏறி, கடனும் கூடி, தணிக்கையாளர் பாதியில் விலகினால், விலை என்னவாக இருந்தாலும் வாங்கிய காரணம் போய்விட்டது. காரணம் அப்படியே இருக்கையில் சந்தை முழுவதும் இறங்குவதோடு சேர்ந்து அந்தப் பங்கும் இறங்கியிருந்தால், அதை விற்க அவசியமில்லை. விரைவில் பணம் தேவைப்படுவதும், ஒரே பங்கு வளர்ந்து மொத்தச் சேமிப்பில் பெரும்பகுதி ஆகிவிடுவதும் விற்பதற்கு நியாயமான வேறு காரணங்கள்.

எனவே தங்கள் நாளிதழில் ஒரு பங்கைப் பரிந்துரைக்கும்போது, எந்தச் சூழ்நிலையில் அந்தப் பரிந்துரை செல்லாமல் போகும் என்பதையும் கட்டுரையாளர் உடன் எழுதுமாறு செய்ய வேண்டுகிறேன். அச்சூழ்நிலை வந்துவிட்டால், அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில் அதையும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்