புள்ளிக்குப் பின்னால் ஒரு தட்டு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாக்கியம் முடிந்து புள்ளி வைத்ததும் இடைவெளி ஒன்றா, இரண்டா என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் ஜாப் டைப்பிங் (கூலிக்குத் தட்டச்சு) செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஒன்று போதும். இடைவெளிக் கட்டையை இரண்டு முறை தட்டிப் பழகிய என் கட்டைவிரல்தான் இன்னும் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

தமிழ்த் தட்டச்சின் முதல் பாடமான 'யளனகப' அடித்துப் பழகிய நாளிலேயே எங்கள் வாத்தியார் சொல்லிவிட்டார்: "ஏல, கமாவுக்கு ஒண்ணு, புள்ளிக்கு ரெண்டு." ஏன் என்று கேட்க யாருக்குத் தைரியம்? காரணம் பின்னால்தான் புரிந்தது. தட்டச்சுப் பொறியில் எந்த எழுத்தை அடித்தாலும் வண்டி, அதாவது தாளைத் தாங்கி நகரும் பகுதி, ஒரே அளவுதான் நகரும். ஒல்லியான 'ர'வுக்கும் அகலமான 'ண'வுக்கும் ஒரே இடம், முற்றுப்புள்ளிக்கும் அதே இடம். வரி முழுக்க இப்படி ஓட்டை விழுந்து கிடக்கும்போது, வாக்கியம் முடிந்த இடத்தைக் காட்ட இன்னொரு தட்டு தேவைப்பட்டது. (மெய்யெழுத்தின் புள்ளி வேறு விஷயம். அதை அடித்தால் வண்டி நகராது. புள்ளியை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் எழுத்தை அடிப்போம். புதிதாக வருகிறவர்கள் இதில்தான் திணறுவார்கள்.)

கிரயப் பத்திரம் அடிக்கும்போது மட்டும் கதை தலைகீழ். "அடைச்சு அடியும் வே, இடம் விட்டா எவனாவது எதையாவது சொருகிருவான்" என்று பத்திர எழுத்தர் தலைக்குமேல் நிற்பார். பாதியில் முடிந்த வரியின் மிச்சத்தைக் கோடு போட்டு அடைப்போம்.

கணினி எழுத்துருக்களில் பெரும்பாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் அதனதன் அகலம் உண்டு. அதனால் இரண்டாவது தட்டுக்கு அங்கே வேலை இல்லை. இணையப் பக்கத்தில் எத்தனை தட்டினாலும் உலாவி பொதுவாக அதை ஒன்றாகத்தான் காட்டும். ஆங்கிலத்தில் இரண்டு இடைவெளி விட்டால் பிழை என்று மைக்ரோசாப்ட் வேர்டே 2020 முதல் கோடு போட்டுக் காட்டுகிறது.

எனக்குப் புத்தி வந்தது எங்கள் தெரு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில். நோட்டீசையும் வரவு செலவுக் கணக்கையும் நானே அடித்துக் கொண்டுபோனேன். டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) கடைத் தம்பி, "அண்ணாச்சி, என்ன இவ்வளவு ஓட்டை?" என்று கேட்டுவிட்டு, இரட்டை இடைவெளிகளை ஒற்றையாக மாற்றினான். இரட்டை என்று ஒன்றுகூட மிச்சமில்லாதவரை திரும்பத் திரும்ப அமுக்கினான். நோட்டீஸ் அழகாக வந்தது. கணக்குதான் போச்சு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று நிறுத்த நான் வரிக்கு இருபது முப்பது இடைவெளி தட்டியிருந்தேன். டைப்ரைட்டரில் பத்திகளை நேராக நிறுத்த டேப் வைக்கத் தெரிந்தவன்தான், கணினியில் அதைத் தேடச் சோம்பல். எல்லாம் சுருங்கி, வரவில் இருந்த கோவில் வரிப்பணமும் செலவில் இருந்த வில்லுப்பாட்டுக் கூலியும் ஒட்டிக்கொண்டு நின்றன. "வில்லுப்பாட்டுக்காரரா நமக்கு ரூபாய் கொடுத்தார்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

ஆனால் இன்றைய தமிழ் அச்சில் என் வருத்தம் இரண்டு இடைவெளி பற்றியது அல்ல. புள்ளிக்குப் பின்னால் ஒன்றுகூட விடுவதில்லை, விடக்கூடாத முன்பக்கத்தில் விடுகிறார்கள். 'வந்தான் .போனான்' என்று அடித்தால், வரி மடங்கும்போது புள்ளி கழன்று கீழே விழாமல் என்ன செய்யும்?

"பழைய ஓலை ஏட்டில் புள்ளியும் கிடையாது, இடைவெளியும் கிடையாது, நம்ம ஆட்கள் படிக்கலையா?" என்பார் என் நண்பர். வாஸ்தவம். பத்துப்பாட்டு ஏடு தேடி உ.வே.சா. நம் ஆழ்வார்திருநகரிக்கே வந்தார். அந்த ஏடுகளைப் பிரித்துப் படிக்க ஒரு சாமிநாதையர் வேண்டியிருந்தது என்பதை நண்பர் மறந்துவிடுகிறார்.

இப்போது பேத்தி கைபேசியில் ஒன்று காட்டிக்கொடுத்திருக்கிறாள். சொல் முடிந்ததும் இடைவெளியை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுகிறது. வாத்தியார் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

பி.கு.: போன இதழ் 23ஆம் பக்கம், மூன்றாம் பத்தியில் ஒரு புள்ளி அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. பிழை திருத்துகிறவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர்,
பாளையங்கோட்டை