மகளுக்கு: ஒரு படி அரிசி பற்றியும் கதண்டு பற்றியும்

அன்புள்ள மகளுக்கு,

உன் நீண்ட மின்னஞ்சலை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். விடுமுறை நாட்களையெல்லாம் கொடுத்து, வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி நீ வாக்குக் கேட்ட மனிதர், நேற்றுவரை எதிர்த்துவந்த கட்சியின் மேடையில் மாலையோடு நின்றதைப் பார்த்து இரண்டு இரவாக உறக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்டுவிட்டு அம்மா, "இவள் அப்படியே உங்கள் பெண்" என்றாள். உன்னைச் சமாதானப்படுத்த இதை எழுதவில்லை. உன் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது இடம் மாறி விழுந்திருக்கிறது.

கூட்டணியைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறாய். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாக்குவேன் என்று சொன்னவர், இப்போது "படிப்படியாகச் செய்வோம்" என்கிறார் என்பதைக் கடைசியில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டாய். நான் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் தலைவர் யார் என்று உனக்குத் தெரியும். அறிஞர் அண்ணாவின் படம் நம் வீட்டுக் கூடத்தில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அவர் விட்டுக்கொடுத்தவை கொஞ்சமல்ல. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் இத்தனை வயதுவரை அந்தப் படத்தை அங்கே வைத்திருக்கிறேன்.

கூட்டணியிலிருந்தே தொடங்குகிறேன். 1938-ல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் ராஜாஜி. அதை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் அண்ணா. 1953-ல் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தவரும் ராஜாஜிதான். குலக்கல்வித் திட்டம் என்று அதை ஊர் ஊராக எதிர்த்தது தி.மு.க. அதே ராஜாஜியோடு 1967 தேர்தலில் அண்ணா கைகோத்தார். ராஜாஜியின் சுதந்திராக் கட்சி ஒரு பக்கம், மார்க்சிஸ்ட்டுகள் மறு பக்கம், முஸ்லிம் லீக், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத கட்சிகள் ஒரே அணியில் நின்றன. பெரியார் அப்போது காமராசர் பக்கம். கறுப்புச் சட்டைக்காரரான உன் பெரிய தாத்தா, அண்ணாவின் பெயரை வீட்டுக்குள் உச்சரிக்கவே விடமாட்டார். நீ இன்று எழுதியிருப்பதெல்லாம் அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னவைதான்.

அந்தக் கூட்டணிக்கு விலையாக எது போனது என்று எனக்குள் பலமுறை கேட்டிருக்கிறேன். தி.மு.க. 137 இடங்களில் வென்று தனியாகவே ஆட்சி அமைத்தது. பதவி ஏற்பதற்கு முன்பே அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று அண்ணாவின் ஆட்சிதான் சட்டம் செய்தது. முன்னால் நடந்து முடிந்த திருமணங்களும் அதில் அடக்கம். உன் பெரிய தாத்தாவின் திருமணம் உட்பட. தமிழ்நாடு என்ற பெயருக்கான தீர்மானம் 1967 ஜூலையில் நிறைவேறியது, இருமொழிக் கொள்கைத் தீர்மானம் 1968 ஜனவரியில். ராஜாஜியும் 1965-க்குள் இந்தித் திணிப்பை எதிர்ப்பவராகிவிட்டிருந்தார். எந்தக் கொள்கைக்காக அண்ணா இருந்தாரோ அதில் ஒரு துண்டைக்கூட அந்த மேடைக்காக வெட்டிக் கொடுக்கவில்லை. மேடையில் யார் பக்கத்தில் யார் நின்றார் என்பதை வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

திராவிட நாடு என்ற தனிநாட்டுக் கோரிக்கையை விட்டது இதைவிடப் பெரியது. 1962 மே மாதம் மாநிலங்களவையில் தன் முதல் பேச்சிலேயே அதற்காக வாதாடியவர் அவர். அக்டோபரில் சீனப் போர் மூண்டதும் கோரிக்கையைத் தள்ளிவைத்தார். இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று 1963-ல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. கட்சி அந்த ஆண்டே கோரிக்கையைக் கைவிட்டது. "அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு" என்று தொண்டை வறளக் கத்தியவர்கள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்கள்? ஆனால் பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த விட்டுக்கொடுப்பின் விலை தலைவரின் பேச்சுக்கு இருந்த மதிப்பு, கட்சியின் வீம்பு. கொடுத்தவர்கள் அவர்களேதான். எந்த ஏழையின் அடுப்பும் அதனால் அணையவில்லை.

அடுப்பு என்றதும் அரிசிக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு இன்றும் நெஞ்சு உறுத்துகிறது. 1967-ல் அரிசிப் பஞ்சம் எப்படி இருந்தது என்பதை உன் தலைமுறைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்பதுதான் அந்தத் தேர்தலின் மூச்சு. ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி கிடைத்தது: சென்னையிலும், நீ இப்போது இருக்கும் கோவையிலும். மாநிலம் முழுவதற்கும் அதைக் கொண்டுபோக நிதி இல்லை. சொன்ன ஒரு படியைக் கொடுத்துவிட்டாரே என்று வாதாடுபவர்களோடு நான் சேர்ந்துகொள்ள மாட்டேன். நெல்லை விளைவித்த தஞ்சைக் கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு அந்தப் படி வரவில்லை. சேற்றில் நின்றவனுக்கு லட்சியம் மட்டும்தான் கிடைத்தது.

அந்தத் தொழிலாளர்கள் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அண்ணா அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். நாற்பதே நாளில் அவரும் போய்விட்டார். கூலிப் பிரச்சினையை ஆராய்ந்த கணபதியா பிள்ளை ஆணையம், 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் எல்லாம் பிறகு வந்தன. குற்றவாளிகள் என்று கீழ்நீதிமன்றம் சொன்ன மிராசுதார்களை 1973-ல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. நெருப்பு வைத்தது நிலவுடைமையாளர்களின் கூட்டம், அரசு அல்ல. ஆனால் நம் மாவட்டத்து வயல்களில் கூலித் தகராறு கொதித்துக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். அந்த மக்களை நிலவுடைமையாளர்களிடமிருந்து காக்கும் துணிவு, மொழிக்காகக் காட்டிய துணிவின் அளவுக்கு அந்த ஆட்சியிடம் இல்லை. அவரை நேசிக்கும் நானே இதைச் சொல்கிறேன். மற்ற எல்லாவற்றையும் அவருடைய வரவில் எழுதுகிறேன். இதை எழுத என் கை மறுக்கிறது.

ஆகவே உன் தலைவரைப் பற்றி நான் கேட்பது ஒன்றுதான்: அவர் விட்டுக்கொடுத்ததற்கு விலை கொடுப்பவர் யார்? மேடையில் மாலை போட்டுக்கொண்டதற்கு அவருடைய மானமும் உன் உறக்கமும் போயின. "படிப்படியாக" என்ற சொல்லுக்கு விடியற்காலையில் கையுறைகூட இல்லாமல் குப்பை அள்ளும் பெண் விலை கொடுக்கிறாள். படி என்றால் எத்தனை படி, முதல் படி எந்த மாதம், எத்தனை பேர், நிதி எந்தத் தலைப்பில்? பதில் இருந்தால் அது சமரசம், நாம் காத்திருக்கலாம். பதில் இல்லையென்றால் அவர் வாக்குறுதியை விற்றுவிட்டார் என்று பொருள். அப்போது நீ விலகிக்கொள், அப்பா உன்னோடு நிற்பேன். ஆனால் கேட்காமல் விலகாதே. அடுத்த வாரம் தொண்டர் கூட்டம் இருப்பதாக எழுதியிருக்கிறாய் அல்லவா? போய் எழுந்து நின்று கேள்.

இனி, நீ கேட்டிருந்த குளவிக் கூடுகள். உன் பால்கனிச் சுவரின் மேல்விளிம்பில் சாம்பல் நிறத்தில், காகிதம்போல, கீழ்ப்பக்கம் திறந்த அறைகளோடு தொங்குகிறது என்றால் அது காகிதக்குளவிக் கூடு. அதில் நம் பக்கம் பரவலாக இருக்கும் ஓர் இனத்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். அந்த இனத்தின் ராணி யாரையும் மிரட்டுவதில்லை, கூட்டத்திலேயே சாதுவானது அதுதான் என்பது அவர் கண்டது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது. கம்பளிப்புழுக்களைப் பிடித்துத் தம் குஞ்சுகளுக்குக் கொடுப்பவை அவை. தொட்டிச் செடிகளுக்கு நல்லது. ஆனால் பேரன் கை எட்டும் உயரத்தில் இருப்பதால் எடுத்துவிடத்தான் வேண்டும். பகலில் தொடாதே. இருட்டிய பிறகு, பழக்கப்பட்டவரை அழைத்து எடுக்கச் சொல். நீயாகத் துடைப்பத்தைத் தூக்காதே.

திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் மண்கூட்டை அப்படியே விட்டுவிடு. அது மண்குளவி, தனியாக வாழ்வது, சீண்டினால் ஒழியக் கொட்டாது. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று உன் பாட்டி அதை உடைக்க விடமாட்டாள். கொட்டக் கொட்டப் புழு குளவியாகிவிடும் என்பதையும் அவள் நம்பினாள். உண்மையில் தாய்க்குளவி சிலந்தியையோ புழுவையோ கொட்டி மயக்கி உள்ளே அடைப்பது, முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு உணவாகத்தான். பேரனுக்கு இதைச் சொல், கண்களை விரித்துக் கேட்பான்.

இங்கே நம் வீட்டுக்கு வந்திருப்பது கதண்டு என்ற பெரிய குளவி. கொல்லைத் தென்னையின் மட்டைக்கு அடியில் குடம் அளவுக்குக் கூடு. வயிற்றில் மஞ்சள் பட்டை போட்ட கறுப்பு உடம்பு. தேனீபோல ஒரு முறை கொட்டிக் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, ஒன்றே பல முறை கொட்டும். நூறு நாள் வேலைக்குப் போனவர்களைக் கதண்டு கடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனதாக நம் பக்கத்துச் செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. நிறையக் கொட்டினால் சிறுநீரகம்கூடப் பழுதாகும். ஒன்றே கொட்டினாலும் முகம் வீங்கி மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இதை நீயும் நினைவில் வைத்துக்கொள்.

பக்கத்து வீட்டுக்காரர், "அது பாட்டுக்கு மேலே இருக்கிறது, நம்மை என்ன செய்கிறது, தேங்காய் பறிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றார். மரம் ஏறப்போவது அவரும் இல்லை, நானும் இல்லை. ஏறுகிறவருக்கு மூன்று பிள்ளைகள். நேற்றே தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நாளை இருட்டியதும் வந்து தீப்பந்தம் வைத்து அழிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மரம் ஏறுபவரிடமும் இந்த முறை பறிப்பைத் தள்ளிவைக்கச் சொல்லி, அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டேன். அம்மாவைக் கிணற்றடிக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், கேட்டால்தானே.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். கூட்டத்தில் நீ கேட்டதற்கு உன் தலைவர் என்ன பதில் சொன்னார் என்று, அவர் சொன்ன சொற்களிலேயே எழுது.

அன்புடன்,
அப்பா