கேட்காமல் இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எங்கள் பகுதி மக்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு அம்மா மீன் விற்று முடித்துவிட்டு, கூடையைக்கூடக் கழுவாமல் நேராக டியூஷன் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "அக்கா, எல்லாருக்கும் ஒரு நன்றி சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார். வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் எதற்கு நன்றி என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். அதற்குப் பதில் சொன்னால், இத்தனை நாள் எல்லோரும் சேர்ந்து பொத்திப் பாதுகாத்தது ஒரு நிமிடத்தில் போய்விடும். சரி, நான் எழுதுகிறேன் என்றேன்.

அதனால் இந்த மடலில் யார் பெயரும் இருக்காது. காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஹவுசிங் போர்டு ப்ளாக்குகள் எத்தனையோ. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவின் பிள்ளை ஆணா பெண்ணா, எந்த வகுப்பு, எந்த வருடம், எதுவும் சொல்லப்போவதில்லை. ஒன்றிரண்டு விவரங்களை வேண்டுமென்றே மாற்றியும் இருக்கிறேன். பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம். சட்டம் சொல்லாவிட்டாலும் இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: ப்ளாக் தெரிந்தால் மாடி தெரிந்துவிடும், மாடி தெரிந்தால் கதவு தெரிந்துவிடும். யார் யாருக்கு எந்த வரி என்று நீங்களே கண்டுபிடித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றிக்கு முன்னால் ஒரு பழைய கடன் இருக்கிறது. போக்சோ சட்டம் 2012 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் முன்னால், வேறொரு பிள்ளைக்கு இதேபோல் ஒன்று நடந்தது. பெரியவர்களைக் கூட்டி ராத்திரியில் பேசினோம். அந்த ஆளைப் பணம் கட்டச் சொன்னார்கள், கும்பிடச் சொன்னார்கள். அந்தப் பிள்ளையைப் பதினைந்து பேருக்கு நடுவில் நிற்கவைத்து, என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். நானும் ஒரு கேள்வி கேட்டேன். இரண்டே மாதத்தில் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. அந்த ஆள் எங்கேயும் போகவில்லை. நான் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன்.

இந்த முறை நான் வாயைக் கட்டிக்கொண்டதற்குக் காரணம், வார்டு குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்காக நடந்த ஒரு நாள் பயிற்சி. பிரியாணி போடுவார்கள் என்று யாரோ சொன்னதால்தான் போனேன், அதையும் மறைக்கவில்லை. சாம்பார் சாதம்தான் போட்டார்கள். ஆனால் அங்கே பேசிய பெண்மணி ஒரு விஷயத்தை விடாமல் சொன்னார். பிள்ளை வாய் திறந்தால் துருவாதீர்கள், அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவையுங்கள், "ஏன் முன்னாடியே சொல்லல" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள் என்றார். அம்மா, நீங்கள் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. முதல் நன்றி உங்களுக்கு.

டியூஷனில் அந்தப் பிள்ளை ஒரு மாதமாக தினமும் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. "மிஸ், இன்னிக்கு எத்தன மணி வரைக்கும்?" எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதான், சீக்கிரம் விடச்சொல்லி. இது மட்டும் எட்டரை என்று சொன்னால் சந்தோஷப்பட்டது. எனக்கு அது உறைக்க ஒரு மாதம் ஆனது, அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது. ஒருநாள் எல்லோரும் போன பிறகும் பை ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஜிப் சத்தம் நின்றது. பிள்ளை பேச ஆரம்பித்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டேன். நான் பேசியது ஒரே வார்த்தை: "அப்புறம்?" அதையும் இரண்டு முறைதான் சொன்னேன். முடிந்ததும், "நீ சொன்னது நல்லது, உன்மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன். அப்புறம் ரூல்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, நேரம் போட்டு, அது சொன்ன மொழியிலேயே எழுதினேன். என் கை நடுங்கிய எழுத்து இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

குழந்தைகள் உதவி எண் 1098-ல் போனை எடுத்த தம்பிக்கு நன்றி. என் பெயர், ஊர் எல்லாம் அப்புறம்தான் கேட்டார். "பிள்ளை இப்ப எங்க இருக்கு, யார் கூட இருக்கு, இன்னிக்கு ராத்திரி அந்த ஆள் இருக்கிற இடத்துக்குப் போகாம இருக்க முடியுமா?" இதுதான் முதல் கேள்வி. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

ஒரு காவல் நிலையத்தில் "எங்க லிமிட் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். எந்த நிலையத்திலும் புகாரை வாங்கியாக வேண்டும், எல்லைக் கணக்கை அவர்கள் பிறகு பார்த்துக்கொள்வார்கள் என்று இலவச சட்ட உதவி மையத்து வக்கீல் அம்மா போனில் சொன்னதோடு நிற்காமல், ஆட்டோ பிடித்து வந்தும் சேர்ந்தார். அப்புறம்தான் வேலை நடந்தது. அம்மா, உங்கள் ஆட்டோ காசை நீங்கள் கடைசிவரை வாங்கவே இல்லை.

விசாரிக்க வந்த எஸ்.ஐ. அம்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சீருடையில் வரக் கூடாது, பிள்ளை வீட்டிலோ பிள்ளை விரும்புகிற இடத்திலோதான் கேட்க வேண்டும் என்பதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. அவர் அதற்கும் ஒரு படி மேலே போனார். சுடிதாரில், ஜீப்பை எடுக்காமல் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பார்த்தவர்கள் யாரோ எல்.ஐ.சி. ஏஜென்ட் என்று நினைத்தார்கள். பிள்ளை கேட்ட இடம் டியூஷன் அறை. எஸ்.ஐ. பாயில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாக்பீஸால் தரையில் ஏதோ கிறுக்கினார்கள். பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தார். நான் வெளியே நின்றேன், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போய்விட்டது.

மருத்துவமனையில் ஓ.பி. வரிசையில் நிற்கவிடாமல் தன் அறையில் உட்காரவைத்த நர்ஸ் அம்மா, போலீஸ் பேப்பர் எங்கே என்று கேட்காத டாக்டர், உங்கள் இருவருக்கும் நன்றி. பிள்ளைக்கு ஞாபகம் இருப்பது அங்கே சாப்பிட்ட தயிர் சாதம் மட்டும்தான்.

அடுத்து கேரம் கிளப் தம்பிகள். செய்தி எப்படியோ உங்கள் காதுக்கு வந்துவிட்டது, யார் ஆள் என்பதும் தெரிந்துவிட்டது. வெளியாள் இல்லை, நாம் எல்லோரும் வணக்கம் வைத்துக்கொண்டிருந்த ஆள். நாலு பேர் எழுந்துவிட்டீர்கள். உங்களில் பெரியவர் ஸ்டிரைக்கரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "ஆட்டம் முடியல, எவனும் எந்திரிக்காத" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் போய் நாலு அடி போட்டிருந்தால் ஏரியாவே கூடியிருக்கும், எதற்கு அடி என்று கேட்டிருக்கும், பிள்ளை யார் என்பது பத்து நிமிடத்தில் தண்ணி லாரி வரிசைவரை போயிருக்கும். கேஸும் சிக்கலாகியிருக்கும். கோபம் வந்த வயதில் உட்கார்ந்தே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் இரண்டு பையன்களை வளர்த்தவள்தான். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்ட தம்பி, அதை அழித்ததற்கும் நன்றி. இனிமேல் போடுவதற்கு முன்னால் யோசி.

உங்களில் ஒருவர் அப்போது பொதுவாக என்னிடம் கேட்டது: "பையனுக்கெல்லாமா இப்படி நடக்குங்க்கா?" நடக்கும் தம்பி. 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பையன்கள்தான் சற்று அதிகம். சட்டமும் 18 வயதுக்குக் கீழே இருந்தால் பையன் என்றும் பொண்ணு என்றும் பிரிப்பதில்லை. நம் பக்கம் "பையன்தானே" என்று விட்டுவிடுவது எனக்கு எப்போதும் எரிச்சல்.

மீன்காரம்மாக்களே, உங்களுக்கு எழுத நிறைய இருக்கிறது.

காசிமேட்டு ஏலத்துக்கு விடியும் முன்னே போனால்தான் நல்ல மீன் கிடைக்கும். மூன்று மணிக்கு வீட்டை விட்டுப் போகிறீர்கள், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த மூன்று மணிக்கும் ஏழரை மணிக்கும் நடுவில்தான் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் கிடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் வேறு வழியில்லை என்று இருந்தோம். இது நடந்த பிறகு ஆறு பேர் உட்கார்ந்து பேசி ஒரு முறை வைத்தீர்கள். தினம் ஒருவர் ஏலத்துக்குப் போகாமல் ப்ளாக்கில் இருப்பது. அவர் வீட்டுக் கதவு திறந்திருக்கும், யார் பிள்ளையும் வந்து படுத்துக்கொள்ளலாம். அவருடைய பங்கு மீனை மற்ற ஐந்து பேர் ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, தங்கள் கூடையோடு சேர்த்து விற்று, ராத்திரி காசைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. முதல் மாதமே வவ்வால் மீன் விஷயத்தில் சண்டை வந்தது. ஒருவர் பங்குக்குச் சின்ன வவ்வாலாகப் போட்டுவிட்டார்கள் என்று இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்த இரண்டு நாளும்கூட முறை தவறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே பிள்ளைகளைக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள், அன்றைக்குத்தான் வியாபாரம். அதனால் ஞாயிறு தையல்கார ஆயாவுக்கும் எனக்கும் என்றானது. ஆயா, நீங்கள் அந்த இருட்டில் பிள்ளைகளுக்குச் சொல்கிற பேய்க் கதைகளைக் கொஞ்சம் குறைக்கலாம்.

பள்ளி நாட்களில் எட்டு மணிக்குக் காலை உணவு இருப்பதால் பாரம் கொஞ்சம் குறைந்தது. பசியோடு யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. பெரிய தலைவலி கோடைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதோடு பள்ளி விடுமுறையும். வருமானம் குறையும், கிடைத்த வேலைக்கு அம்மாக்கள் தூரமாகப் போவார்கள், பிள்ளைகள் நாள் முழுக்க வெளியே. போன கோடையில் முறையைப் பகலுக்கும் நீட்டினீர்கள். அது தடைக்காலம் முடியும்வரை தாங்கியதே எனக்கு ஆச்சரியம்.

ஷேர் ஆட்டோ அண்ணன்கள் மூவருக்கு. பிள்ளைகளை முன்சீட்டில் ஏற்றுவதில்லை, பெரியவர்கள் மடியில் உட்காரவிடுவதில்லை என்று நீங்களே வைத்த கட்டுப்பாடு. ஒரு சவாரிக்கு இரண்டு பிள்ளை குறைந்தால் என்ன நஷ்டம் என்று எனக்குக் கணக்குத் தெரியும்.

வகுப்பு டீச்சருக்கு. பிள்ளை கோர்ட்டுக்குப் போன நாட்களில் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி, மற்ற பிள்ளைகள் கேட்டபோது பேச்சை மாற்றினீர்கள். திரும்பி வந்த அன்று பக்கத்தில் உட்காரவைத்து விசாரிக்காமல், வழக்கம்போல வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னீர்கள். ஏழாம் வாய்ப்பாட்டில் திணறியதாம். அதற்குத் திட்டும் வாங்கியதாம். அன்று சாயந்திரம் அதைத்தான் என்னிடம் குறையாகச் சொன்னது, வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு வந்த நிம்மதியை எப்படி எழுதுவது?

குழந்தைகள் நலக் குழு அனுப்பிய துணையாளர் பெண்ணுக்கு. வழக்கு இல்லாத ஒரு நாளில் பிள்ளையைக் கூட்டிப்போய் நீதிமன்ற அறையைக் காட்டினீர்கள். நீதிபதி எங்கே உட்காருவார், திரை எங்கே இருக்கும், அந்த ஆளை நீ பார்க்க வேண்டியதில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் நேராக உன்னிடம் கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்பார், தண்ணி வேண்டும் என்றால் நிறுத்தச் சொல்லலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். பிள்ளை அறையிலிருந்த ஃபேன்களை எண்ணிவைத்துக்கொண்டதாம். சாட்சி சொன்ன அன்று பயம் வந்தபோதெல்லாம் திரும்ப எண்ணியதாம். சாட்சி முடிந்துவிட்டது. வழக்கு இன்னும் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. எதுவும் செய்யாதவர்கள் என்று நீங்களே உங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பீர்கள். குழாயடியில் அந்த அம்மா வந்தால் பேச்சை நிறுத்தாமல், மெட்ரோ வாட்டர் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள். பிள்ளையைப் பார்த்ததும் "அய்யோ பாவம்" என்று கன்னத்தைத் தடவாதவர்கள். மளிகைக் கடையில் பழையபடியே "சில்லறை கொண்டா" என்று விரட்டிய அண்ணாச்சி. உங்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒருவர்கூட என்னிடம் வந்து "என்னாச்சுக்கா?" என்று கேட்கவில்லை. அந்த அம்மா நன்றி சொல்லச் சொன்னதில் முதலில் இருந்தது நீங்கள்தான், நான்தான் கடைசியில் எழுதுகிறேன்.

2018-ல் அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமிக்குப் பலர் பாலியல் கொடுமை செய்த வழக்கு செய்தியில் வந்தபோது, அத்தனை குடும்பம் இருக்கிற இடத்தில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா என்று இதே குழாயடியில் பேசினோம். நம் படிக்கட்டில் அப்போதும் விளக்கு எரியவில்லை. இப்போது நான்கு மாடியிலும் எரிகிறது, தம்பிகள் போட்டது.

மூன்றாவது மாடி டியூப்லைட் மட்டும் முந்தாநாளிலிருந்து விட்டுவிட்டு எரிகிறது. ஸ்டார்டராக இருக்கலாம், இன்றைக்கே பாருங்கள். வியாழக்கிழமை முறையில் இருப்பவர் தங்கை கல்யாணத்துக்குப் பழவேற்காடு போகிறார். அன்று விடியற்காலை இருக்க யாராவது ஒருவர் வேண்டும். டியூஷன் அறையில் வந்து பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
டியூஷன் அக்கா,
வட சென்னை