தண்டவாளத்துக்குக் குறுக்கேயும் நடந்து பாருங்கள்
மதுரைக் கோட்ட ரயில்வே பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தெற்கு ரயில்வே மதுரைக் கோட்டப் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது பிறகு வந்த படங்களைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். செய்துங்கநல்லூருக்கு இந்தப் பக்கம் ஜல்லியையும் அடிமண்ணையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய், கான்கிரீட் சிலீப்பர்களோடு தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியை நிறுத்தி வைத்த நிலைய அதிகாரியும், சிக்கிக்கொண்ட பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்ட புதுக்குடிக்காரர்களும் அன்றைக்குக் காப்பாற்றினார்கள்.

ஜனவரியில் வண்டி மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் தண்டவாளத்தைத் தாங்கும் மண் கரையைக் கட்டி முடித்ததைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் போன கரையைத் திரும்பக் கட்டுவது வேறு, அது ஏன் போனது என்று நிலத்தை அளந்து பார்ப்பது வேறு. இந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1923-இல் இந்தத் திருநெல்வேலி–திருச்செந்தூர் தடம் திறக்கப்பட்டபோது, தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு ஏறக்குறைய ஐம்பது வயது. மருதூர் அணைக்கட்டோ அதற்கும் மிக மூத்தது. ஆற்றின் தென்கரையில் கால்வாய், குளம், மடை, மறுகால் என்று ஊர்கள் ஏற்கெனவே தண்ணீரால் கோக்கப்பட்டிருந்தன. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. அப்படிப்பட்ட நிலத்தின் மேல்தான் வெள்ளைக்காரன் காலத்து ரயில் கரை வந்து விழுந்தது. தண்ணீர் போக அங்கங்கே கண் விட்டுப் பாலமும் கட்டினார்கள். அந்தக் கண்கள் அன்றைய வயலுக்கும் அன்றைய குளத்துக்கும் கணக்குப் பார்த்து விட்டவை. அப்புறம் மீட்டர் கேஜ் போய் பிராட் கேஜ் வந்தது. ஆனால் தடம் பெரும்பாலும் அதே தடம்தான்.

கரைக்கு வெளியேதான் எல்லாம் மாறிவிட்டது. குளங்கள் மேடு தட்டிவிட்டன. ஓடைகளைச் சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது. சில இடங்களில் வயல் மனையாகி, மனையைக் கரம்பை அடித்து உயர்த்தியும் விட்டார்கள். ஏதாவது ஒரு சின்னப் பாலத்தடியில் குனிந்து பாருங்கள். கண்ணில் பாதி வண்டல், மீதியில் முள். முள்ளில் மாட்டிக் காய்ந்து கிடக்கும் பிளாஸ்டிக் பைகளில் மேலே இருப்பது எது என்று பார்த்தாலே போன வெள்ளம் எதுவரை ஏறியது என்று தெரிந்துவிடும். பாலத்தில் பெயின்ட்டால் எழுதிய அபாய மட்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அந்த மழைக்கு எந்தப் பாலத்தின் கணக்கும் தாங்காது என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். சிறு பாலங்களை 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கும், முக்கியமான பெரிய பாலங்களை 100 ஆண்டு வெள்ளத்துக்கும் கணக்கிடுவதுதான் நடைமுறை. ஆனால் குளம் உடைந்தால் வரும் தண்ணீர் மழைக் கணக்குக்குள் அடங்காது. மணிக்கணக்கில் வடிய வேண்டியது நிமிடக்கணக்கில் வரும், அதுவும் பாலம் இருக்கும் இடமாகப் பார்த்து வராது. அரியலூர்ப் பக்கம் மருதையாற்றில் 1956 நவம்பரில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதை நாம் அமைச்சரின் பெருந்தன்மைக் கதையாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். வெள்ளம் அரித்த பாலத்தின் கதையும் அதுதான்.

1922-இல் வட வங்காளம் மூழ்கியபோதும் ரயில் கரை தண்ணீரை மறிக்கிறது என்றே மக்கள் புகார் சொன்னார்கள். தேக்கங்கள் கட்டலாம் என்று பொறியாளர்கள் யோசித்தபோது, புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் ஐம்பது ஆண்டு மழைக் கணக்கை அலசி, வேண்டியது தேக்கம் அல்ல, தண்ணீர் வேகமாக வடிய வழி என்றார். நூறு வருடம் ஆகியும் நாம் அதையேதான் கேட்கிறோம்.

ஆகவே இந்தத் தடத்தை மறுபடி அளக்கும்போது, தண்டவாளத்தோடு மட்டும் நடக்காமல் அதற்குக் குறுக்கேயும் நடங்கள். ஒவ்வொரு பாலத்திலிருந்தும் மேலே எந்தக் குளம், கீழே எந்தக் குளம் என்பதுவரை போய்ப் பாருங்கள். கோடையில் வந்தால் எல்லா ஓடையும் ஒன்றுபோலத்தான் தெரியும். கார்த்திகையில் மறுகால் பாயும்போது ஒரு தடவையாவது வாருங்கள். ஊரில் மடை பார்க்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், கடம்பாகுளம் நிறைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் கையை நீட்டிக் காட்டுவார்.

இன்னொன்று. உடைந்தால் ரயில் கரைக்கு ஆபத்து என்று கருதப்படும் குளங்களுக்கு உங்களிடம் ஒரு பதிவேடு உண்டு. மழைக்காலத்துக்கு முன்னால் மாநில அதிகாரிகளோடு சேர்ந்து அவற்றைப் பார்வையிட வேண்டும் என்பது உங்கள் விதியே. அந்தப் பட்டியலைத் தமிழில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒட்டுங்கள். பார்வையிட வரும் தேதியை அந்தந்தக் குளத்து விவசாயச் சங்கத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் எந்தக் குளத்தின் கரை பலவீனம், யார் எப்போது சரிசெய்ய வேண்டும் என்று ரயில்வேயும் நீர்வளத்துறையும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும். வரும் ஐப்பசிக்குள் இதைச் செய்ய முடியும், பெரிய பணம் தேவையில்லை.

இப்படிக்கு,
தென்கரை ஊர்க்காரன் ஒருவன்