விச்சருக்கு நீங்கள் ஒரு கேஸ் பாக்கி

பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஐடிவியின் நாடகப் பிரிவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். 2011-ல் நீங்கள் போட்ட 'தி சஸ்பிஷன்ஸ் ஆஃப் மிஸ்டர் விச்சர்' படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் நன்றி சொல்வதற்கு மட்டும் இத்தனை பெரிய மடல் எழுதுவார்களா? கொஞ்சம் சண்டையும் போடத்தான் வந்திருக்கிறேன்.

அந்தப் படம் ஏன் மனதில் தங்கியது தெரியுமா? அது நடந்த கதை, அதிலும் துப்பறிகிறவர் தோற்றுப்போகிற கதை. 1860 ஜூன் 29 இரவு, இங்கிலாந்தில் வில்ட்ஷயர் எல்லையில் ரோட் என்கிற கிராமத்தில், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் சாமுவேல் கென்ட்டின் வீட்டில் நான்கு வயதுகூட நிரம்பாத சாவில் என்ற மகன் படுக்கையிலிருந்து காணாமல் போகிறான். காலையில் வேலைக்காரர்களின் கக்கூஸில் கழுத்து அறுபட்டுக் கிடக்கிறான். ராத்திரி வீடு முழுக்கப் பூட்டியிருந்தது, விடிந்தபோது வரவேற்பறை ஜன்னல் ஒன்று மட்டும் திறந்திருந்தது. உள்ளே படுத்திருந்த யாரோ ஒருவர் வேலைதான். உள்ளூர் போலீஸ் இரண்டு வாரம் உருட்டிப் புரட்டிவிட்டுக் கைவிட்ட பிறகு ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்தவர்தான் ஜாக் விச்சர். கேம்பர்வெல் தோட்டக்காரர் ஒருவரின் மகன், 1842-ல் துப்பறியும் பிரிவு ஆரம்பித்தபோது அதில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர்.

அவர் கண் போன இடம் ஒரு வெளுப்புக் கணக்கு நோட்டு. எனக்கு இந்த வழக்கிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதல் தாரத்து மகள் கான்ஸ்டன்ஸுக்கு வயது 16. இரவில் போடும் கவுன் அவளிடம் மூன்று, அதில் ஒன்றைக் காணவில்லை. கொலை நடந்து இரண்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை, வேலைக்காரப் பெண் துணிகளை எண்ணிக் கூடையில் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். கான்ஸ்டன்ஸ் வந்து, என் பர்ஸ் அழுக்குப் பாவாடையின் பையில் இருக்கிறதா பார் என்கிறாள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கிறாள். தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம். விச்சர் போட்ட கணக்கு இது: எண்ணி எழுதியாகிவிட்ட, கறையே இல்லாத கவுனை அந்த ஒரு நிமிஷத்தில் அவள் திரும்ப எடுத்துவிட்டாள். ரத்தக் கறை பட்டது ஏற்கெனவே ஒழிந்துபோயிற்று. இப்போது நோட்டில் கவுன் இருக்கிறது, கூடையில் இல்லை. பழி யார் தலையில்? சலவைக்கார அம்மாள் தலையில். போலீஸும் நேரே அந்த அம்மாள் வீட்டுக்குத்தான் போய்ச் சோதனை போட்டது!

இது ஒரு பக்கம் இருக்க, சமையலறைக் கொதிகலன் அடுப்பின் சந்தில் ரத்தக் கறையோடு ஒரு பெண்ணின் உள்ளங்கி கொலை நடந்த அன்றே உள்ளூர் போலீஸ் கையில் கிடைத்தது. அவர்களாகவே அது மாதவிலக்கு ரத்தம் என்று முடிவு கட்டி, வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, விச்சரிடமே மறைத்துவிட்டார்கள். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள்களை அன்றிரவு கென்ட் சமையலறையில் வைத்துப் பூட்டியும் வைத்தார். கொலை நடந்த வீட்டின் எஜமானர், போலீஸையே உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போடுகிறார், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இதையெல்லாம் கற்பனையில் எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

முடிவு உங்களுக்குத் தெரியும். ஜூலை 20 கைது, ஒரே வாரத்தில் அவள் வெளியே. தோட்டக்காரன் பெற்ற பிள்ளை பெரிய வீட்டுப் பெண்ணின் உள்ளாடையைப் பற்றிக் கேள்வி கேட்பதா என்று ஊரும் பத்திரிகையும் விச்சரைப் பிய்த்து எடுத்தன. 1864-ல் உடம்பு முடியாமல் வேலையை விட்டார். மறு வருஷமே கான்ஸ்டன்ஸ் லண்டன் வந்து, நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டாள். தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது, 20 வருஷம் சிறை. பிறகு ஆஸ்திரேலியா போய், பெயரை மாற்றிக்கொண்டு, நர்ஸாக இருந்து, 1944-ல் நூறு வயதில் இறந்தாள். தம்பிக்கும் இதில் பங்கு உண்டா என்ற சந்தேகம் இன்றுவரை ஓயவில்லை.

சரி, இப்போது சண்டை. இவ்வளவு நல்ல படம் கொடுத்துவிட்டு 2013-ல் ஒன்று, 2014-ல் இரண்டு என்று மூன்று படம் எடுத்தீர்கள். மூன்றிலும் விச்சர் போலீஸை விட்டுத் தனியாகத் துப்பறிகிறார். மூன்று குற்றமும் உட்கார்ந்து யோசித்த கதை. மோசம் என்று சொல்ல மாட்டேன், அதில் ஒன்றில் நடிகை ஒலிவியா கோல்மன் இருக்கிறார், அது எப்படி மோசமாகும்? ஆனால் நிஜ மனிதனின் பெயரையும் அவன் பட்ட அவமானத்தையும் எடுத்துக்கொண்டு, அவன் தொடாத கேஸை அவன் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்? அதுவும், அவர் உண்மையிலேயே தனியாகத் துப்பறிந்த கேஸ் ஒன்று பந்தியில் இலை போட்டுப் பரிமாறின மாதிரி இருக்கும்போது!

டிச்போர்ன் வழக்கைத்தான் சொல்கிறேன். 1854-ல் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் கப்பலோடு போன ரோஜர் டிச்போர்ன், பெரிய சொத்துக்கு வாரிசு. பிள்ளை செத்ததை நம்பாத அம்மா பத்திரிகையில் விளம்பரம் மேல் விளம்பரம் கொடுக்கிறாள். ஆஸ்திரேலியாவில் வாகா வாகா என்ற ஊரிலிருந்து ஒரு கசாப்புக்காரர், நான்தான் அது என்று கிளம்பி வருகிறார். காணாமல் போனவன் ஒல்லி, வந்தவர் நாளடைவில் 130 கிலோவைத் தாண்டினார். பாரிஸில் வளர்ந்த பிள்ளை, பிரெஞ்சு சுத்தமாக வரவில்லை. அம்மா ஏற்றுக்கொண்டாள். பெற்ற மனசு, என்ன சொல்ல? குடும்பத்தில் மற்றவர்கள் ஏற்கவில்லை, ஆள் யார் என்று கண்டுபிடிக்க விச்சரை அமர்த்தினார்கள். அவர் பிடித்த நூல் எவ்வளவு சின்னது பாருங்கள்: 1866 கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் வந்து இறங்கிய இந்தப் பிரபு, முதல் வேலையாக வாப்பிங் துறைமுகப் பக்கம் போய் ஆர்ட்டன் என்ற கசாப்புக் குடும்பத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார். ஏன்? விச்சர் அந்தத் தெருக்களில் சுற்றி, அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஆர்தர் ஆர்ட்டனின் பழைய காதலியைத் தேடிப் பிடித்தார், வந்தவர்தான் ஆர்தர் என்று அவள் அடையாளம் காட்டினாள். 1874-ல் 188 நாள் விசாரணை முடிந்து 14 வருஷத் தண்டனை.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இங்கேயும் விச்சருக்குக் கிடைத்தது வசவுதான். ரோட் கிராமத்தில் பணக்கார வீட்டுப் பெண்ணைக் குற்றம் சொன்னதற்காகப் பெரிய மனிதர்கள் திட்டினார்கள். இங்கே பணக்காரக் குடும்பத்துக்காக ஒரு கசாப்புக்காரரைக் காட்டிக்கொடுத்தார் என்று, அந்தக் கசாப்புக்காரர் பக்கம் கூட்டம் கூட்டமாகத் திரண்ட சாதாரண ஜனங்கள் திட்டினார்கள். இரண்டிலும் அவர் சொன்னது சரி. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற படத்தை நீங்கள் எடுக்காமல் வேறு யார் எடுப்பது? இந்த வழக்கு 1998-லேயே சினிமாவாக வந்துவிட்டதே என்று சொல்லாதீர்கள், அது டிச்போர்ன் வீட்டுப் பழைய வேலைக்காரர் போகிளின் கண் வழியே போகிற கதை.

நடிகரையும் தேட வேண்டாம். வாப்பிங்கில் அலைந்தபோது விச்சருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. உங்கள் படங்களில் விச்சராக நடித்த பேடி கான்சிடைனுக்கும் இப்போது அதே வயதுதான். 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரில் ராஜாவாக உட்கார்ந்து உடம்பு அழுகிச் சாகும் வரை அவர் என்ன செய்து காட்டினார் என்று உலகமே பார்த்தாயிற்று.

ஒருவேளை முடியாது என்றால், அடுத்த முறை அந்த மூன்று படங்களை ஒளிபரப்பும்போது, இந்தக் குற்றங்கள் கற்பனை என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி பெரிதாகப் போடுங்கள். முடியும் என்றால் 1866 கிறிஸ்துமஸ் ராத்திரியில் ஆரம்பியுங்கள். வாப்பிங்கில் ஒரு மதுக்கடை. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கனத்த ஆள் உள்ளே வந்து, ஆர்ட்டன் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்.